கப்டனுக்குச் சம்பளம் எவ்வளவு? – நம் கதைகளில் வில்லனும் சண்டையும்

சென்ற வருடம் ஒரு சிறுகதைப் போட்டிக்கு நடுவர்கள் மூவரில் ஒருவனாக இருந்தேன். சிட்னி, மெல்பேர்ண், பேர்த், பிரிஸ்பேன் என்று எல்லாப் பக்கமிருந்தும் 38 கதைகள் வந்திருந்தன. ஏறத்தாழப் பாதியில் யுத்தம். அந்தப் பாதியில் பெரும்பாலானவற்றில் ஓர் இராணுவக் கப்டன். கதைக்குக் கதை ஊர் மாறியது, கப்டன் மாறவில்லை. கண் சிவந்திருக்கும். சாராய நெடி அடிக்கும். உடைந்த தமிழில் ஒரு கெட்ட வார்த்தை சொல்லுவார். சொல்லிவிட்டுக் கோரமாகச் சிரிப்பார். பிறகு அடிப்பார்.

எங்களோடு இருந்த மூத்த நடுவர் ஊரில் அரசாங்கக் கணக்காளராக வேலை பார்த்தவர். எட்டாவதோ ஒன்பதாவதோ கப்டனைக் கடந்ததும் தாளை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார்: “ஐசே, இந்தக் கப்டனுக்குச் சம்பளம் எவ்வளவு?”

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. “பகிடி இல்லை. கலியாணம் கட்டினவனோ, தாய்க்குக் காசு அனுப்புறவனோ, கடன்காரனோ, ஒண்டும் தெரியேல்லை. வந்தான், சிரிச்சான், அடிச்சான், போட்டான். இவனை நான் எப்பிடி நம்புறது?”

ஊரில் இப்படி அடித்தவர்கள் இருந்தார்கள் என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. அவரே அடி வாங்கியவர். அவர் கேட்டது வேறு. நடந்த ஒரு கொடுமையைக் கதையில் வாசிக்கும்போது ஏன் அது நடக்காததுபோல இருக்கிறது? அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னோடு இருக்கிறது. இந்தக் கட்டுரை அதைச் சுற்றித்தான்.

வில்லன் என்றால் சிரிக்கவேண்டும் என்பதை நாங்கள் கொட்டகைகளில் கற்றுக்கொண்டோம். பி. எஸ். வீரப்பா சிரித்தால் வாங்கு அதிரும். நம்பியார் இரண்டு கைகளையும் பிசைந்தால் போதும், பெண்கள் பக்கத்திலிருந்து சாபம் எழும்பும். திரையில் அது பொருந்தியது. வீரப்பாவின் குரல்வளையே ஒரு பாத்திரம். அந்த மனிதர் இத்தனை பலமாக எதைக் கொண்டாடுகிறார் என்று கேட்க நமக்கு நேரமில்லை. எழுத்தில் வீரப்பா இல்லை. ‘கோரமாகச் சிரித்தான்’ என்று எழுதினால் தாளில் இரண்டு சொற்கள் கிடக்கின்றன, அவ்வளவுதான். சிரிப்பை வாசகன்தான் போடவேண்டும். அவன் எங்கிருந்து எடுத்துப் போடுவான்? தான் பார்த்த படத்திலிருந்து.

இதற்கு நேர் எதிராக ஒரு வில்லனைக் கம்பன் செய்திருக்கிறான். முதல் நாள் போரில் இராவணன் தேர், முடி, ஆயுதம் எல்லாம் இழந்து வெறுங்கையோடு நிற்கிறான். இராமன் அவனைக் கொல்லாமல், போய்விட்டு நாளை வரும்படி அனுப்புகிறான். பட்டிமன்ற மேடைகளில் இந்த இடத்தோடு நிறுத்திவிடுவார்கள். இராமனின் பெருந்தன்மைக்குக் கைதட்டு விழுந்துவிடும். கம்பன் நிறுத்தவில்லை. அவன் இராவணனுக்குப் பின்னால் நடந்து போகிறான். திசைகளைப் பார்க்காமல், தன் ஊரைப் பார்க்காமல், தரையை மட்டும் பார்த்துக்கொண்டு அவன் இலங்கைக்குள் போவதைக் காட்டுகிறான். பிறகு அவன் மனதைத் திறக்கிறான். வானுலகம் சிரிக்கும், மண்ணுலகம் சிரிக்கும், பகைவர் எல்லாரும் சிரிப்பார்கள். அதற்கெல்லாம் இராவணனுக்கு வெட்கமில்லை. சீதை சிரிப்பாளே என்பதுதான் அவனை வாட்டுகிறது.

இத்தனைக்கும் அவன் திருடிக்கொண்டு வந்து சிறைவைத்த பெண் அவள். அவன் செய்த குற்றம் இந்த இடத்தில் ஒரு துளிகூடக் குறையவில்லை. ஆனால் இதற்குப் பிறகு அவனை அட்டையில் வெட்டிய அரக்கனாகப் பார்க்க முடியாது. 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் வித்தியானந்தன் வடமோடிக் கூத்தைப் புதிதாக்கி ‘இராவணேசன்’ செய்தபோது, மௌனகுரு ஆடிய அந்த இராவணனுக்கு நம் மேடை மரபில் ஒரு தனி இடம் கிடைத்ததற்கும் இந்த வாசல்தான் காரணம் என்று நினைக்கிறேன். அழியப்போகிறவன் என்று தெரிந்தே சபை அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்தப் போட்டிக் கதைகளை இரண்டாம் முறை வாசித்தபோது ஒவ்வொரு கப்டனிடமும் இதையே கேட்டேன்: நீ யாருடைய சிரிப்புக்குப் பயப்படுகிறாய்? பதில் சொன்னவர் ஒருவரும் இல்லை. அவர்கள் ஒருவருக்கும் பயப்படவில்லை. நம் எழுத்தாளர்கள் அவர்களுக்கு அத்தனை சுதந்திரம் கொடுத்திருக்கிறார்கள்.

நாம் வந்து குடியேறிய இந்த நாட்டின் நாவல் ஒன்றைப் பற்றி இனிப் பேசவேண்டும். மெல்பேர்ணில் இருப்பவர்களுக்கு கிங்ஸ் டொமெய்ன் பூங்கா தெரியும். போர் நினைவாலயத்துக்குப் போகிற வழியில் ஒரு மருத்துவரின் சிலை நிற்கிறது: ‘வியரி’ டன்லொப். யப்பானியர் சயாம்–பர்மா ரயில்பாதை போட்டபோது கைதியாக இருந்து, கையில் கிடைத்ததைக்கொண்டு சக கைதிகளுக்குச் சத்திரசிகிச்சை செய்தவர். ஏறத்தாழ 415 கிலோமீற்றர் பாதை. அதில் வேலைசெய்த நேசநாட்டுக் கைதிகள் 60,000 பேருக்கு மேல். இறந்தவர்கள் 12,000 பேருக்கு மேல், அவர்களில் அவுஸ்திரேலியர் 2,800 பேரளவில். அந்த முகாம்களில் இருந்து உயிரோடு வந்த ஒருவரின் மகன்தான் ரிச்சர்ட் ஃபிளனகன். தகப்பனின் கைதி எண்ணை யப்பானிய மொழியில் எழுதி அவருக்கே காணிக்கையாக்கிய நாவல் ‘த நறோ றோட் ரு த டீப் நோர்த்’. 2013 இல் வெளிவந்து, 2014 இல் புக்கர் பரிசு பெற்றது. 2025 இல் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. தொடரைப் பார்த்தவர்கள் நாவலையும் வாசிக்கவேண்டும். அதன் வில்லன்கள் அசலாக இருப்பது அங்கேதான்.

முகாமின் தளபதி மேஜர் நக்கமுரா. அவன் சிரிப்பதில்லை. அவனுக்கு உடம்பெல்லாம் கடி, நித்திரை இல்லை, விழித்திருப்பதற்கு இராணுவம் கொடுக்கும் ஊக்க மாத்திரை. மேலிடத்திலிருந்து வரும் கேணல், பாதையை இன்னும் விரைவாக முடிக்கவேண்டும் என்ற கட்டளையோடு வருகிறார். ஆட்கள் குறைந்துகொண்டு போகிறார்கள், நாட்கள் குறைந்துகொண்டு போகின்றன, பாதை குறையவில்லை. நக்கமுரா பயப்படுவது இந்தக் கணக்குக்கு. சக்கரவர்த்தியின் ரயில்பாதை தன் பகுதியில் நின்றுபோய்விட்டது என்று ஆகிவிடக்கூடாது. நோயாளிகளை வேலைக்கு அனுப்பும்போது அவன் வெறியில் அனுப்பவில்லை. கடமை தவறாத ஓர் உத்தியோகத்தன்போல அனுப்புகிறான். கேணலும் அவனும் மாலையில் ஹைக்கூவைப் பற்றிப் பேசி உருகுகிறார்கள். அதே கேணலுக்கு மனிதரைப் பார்த்தால் முதலில் கழுத்துத்தான் கண்ணில் படும், வெட்டுவதற்கு வாய்ப்பான கழுத்தா என்று. கவிதை தெரிந்தவன் கொலை செய்யமாட்டான் என்று நாம் உள்ளூர நம்பிக்கொண்டிருக்கிறோம், முக்கியமாகக் கவிதை எழுதுகிறவர்கள். ஃபிளனகன் அந்த நம்பிக்கையைத் தொட்டுப் பார்க்கிறார்.

போர் முடிந்தபின் நக்கமுரா வேறு பெயரில் ஒளிந்து வாழ்கிறான். கலியாணம் கட்டுகிறான், பெண் பிள்ளைகளைப் பெறுகிறான், சாந்தமான மனிதன் என்று பெயர் எடுக்கிறான். தண்டனை அவனைத் தேடி வரவேயில்லை. வாசிக்கும்போது எனக்குக் கோபம் வந்தது. நாவலாசிரியர் அவனை இப்படி விட்டுவிட்டாரே என்று. யோசித்துப் பார்த்தால், நமக்கும் அப்படித்தானே விட்டிருக்கிறார்கள்.

அடிக்கிற கை நக்கமுராவினுடையது அல்ல. கொரியக் காவலாளி ஒருவனுடையது. கொரியா அப்போது யப்பானின் காலனி. யப்பானிய இராணுவத்தில் கொரியன் எல்லாருக்கும் கீழே. யப்பானியன் அவனை அறையலாம், அவன் கைதியை அறையலாம். சோய் சங்-மின் என்ற அந்தக் காவலாளிக்கு மாதம் 50 யென் சம்பளம். போர்க்குற்ற விசாரணையில் அவனுக்குத் தூக்கு. தூக்குமேடைக்குப் போகிறவனின் மனதில் நீதியோ பச்சாத்தாபமோ இல்லை. அந்த 50 யென் இருக்கிறது. எங்கள் கணக்காளர் நடுவருக்கு அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பினேன். “இப்ப நம்புறன்” என்று ஒரு வரி பதில் வந்தது. இது வெறும் கற்பனையும் அல்ல. போருக்குப் பின் போர்க்குற்றவாளிகளாகத் தீர்ப்பளிக்கப்பட்ட கொரியர் 148 பேர். தூக்கிலிடப்பட்டவர்கள் 23 பேர்.

நாவலின் நடுவில் ஓர் அடி இருக்கிறது. சண்டை என்று சொல்லமுடியாது, ஒருவன்தான் அடிக்கிறான். வேலைக்குப் போகாமல் ஒளித்துக்கொண்டவர்கள் வேறு சிலர். அந்தக் குழுவுக்குப் பொறுப்பான சார்ஜன் என்பதால் டார்கி கார்டினர் அகப்படுகிறான். நோயில் கிடந்தவன். எல்லாக் கைதிகளும் வரிசையில் நின்று பார்க்கவேண்டும். ஃபிளனகன் அவசரப்படவில்லை. பக்கம் பக்கமாக அந்த அடி போகிறது. ஆனால் எத்தனையாவது அடி எங்கே விழுந்தது என்பதில் அவருடைய கவனம் இல்லை. பார்த்துக்கொண்டு நிற்பவர்களின் மனம் மெல்ல மெல்ல அந்த இடத்தைவிட்டு நழுவிப் போவதை அவர் எழுதுகிறார். பசி, நித்திரை, இது எப்போது முடியும் என்ற அலுப்பு. நண்பன் அடிபட்டுச் சாகும்போது சாப்பாட்டை நினைத்ததுதான் பின்னால் உயிர்தப்பியவர்களை ஆயுள் முழுக்கத் தின்னுகிறது. அடி விழுந்தது ஒருவனுக்கு. காயம் வரிசை முழுவதற்கும்.

இந்த நாவலுக்காக ஃபிளனகன் யப்பானுக்குப் போனார். தகப்பன் இருந்த ஹின்ரொக் முகாமில் காவலாளியாக இருந்த லீ ஹக்-ரே அப்போது முதியவர். ஒருகாலத்தில் மரண தண்டனை விதிக்கப்பட்டு, பின்னர் அது குறைக்கப்பட்டு வெளியே வந்தவர். ஃபிளனகன் அவரிடம் தன்னை அறையும்படி கேட்டார். முகாம்களில் கைதிகளை அறைந்தார்களே, அதேபோல. அந்த முதியவர் அறைந்தார். அந்த நேரத்தில் ரோக்கியோவில் நிலம் நடுங்கி, அறையே ஆடியது. கதையில் எழுதினால் நம்பமாட்டோம். தீமை என்று எதைச் சொல்கிறோமோ, அது எதுவாக இருந்தாலும், அந்த அறைக்குள் தங்களோடு இருக்கவில்லை என்று தமக்குத் தோன்றியதாக அவர் பின்னர் எழுதினார்.

இந்தப் பகுதியை டண்டினோங் பக்கம் ஒரு வாசகர் வட்டத்தில் சொன்னேன். எல்லாரும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். பின்வரிசையில் ஓர் அம்மா எழுந்து, “எனக்கு அவன்ர சம்பளம் தேவையில்லை, தம்பி” என்றார். அவருடைய இளைய சகோதரனைக் கொண்டுபோனவர்கள் இன்றுவரை பதில் சொல்லவில்லை. “அவங்கள் யப்பான்காரனுக்கு எழுபது வருசத்துக்குப் பிறகு எழுதுறாங்கள். எனக்கு இன்னும் செத்தவீடே முடியேல்லை.”

நான் பதில் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது. சாட்சி சொல்பவருக்கு வில்லனின் மனதைத் திறக்கவேண்டிய கடமை எதுவும் இல்லை. தனக்கு நடந்ததைச் சொன்னால் போதும், அதை நாம் கேட்டுக்கொண்டால் போதும். ஆனால் கப்டனைக் கொண்டுவந்த அந்தக் கதைகளில் பல, சாட்சிகளால் எழுதப்பட்டவை அல்ல. தெரிந்த கொடுமையைத் தெரியாத மனிதன்மேல் ஏற்றி எழுதியவை. சாட்சியின் துக்கத்தைக் கடன் வாங்கிவிட்டு, எழுத்தாளனின் வேலையைச் செய்யாமல் விடுவதுதான் எனக்குப் பிரச்சினை. இன்னொன்று: ஃபிளனகனின் 50 யென் அந்தக் காவலாளிக்கு மன்னிப்புக் கொடுக்கவில்லை. அரக்கன் அடித்தான் என்றால் அதை விதி என்று விட்டுவிடலாம். சம்பளக் கணக்குப் பார்க்கிற, தானும் அறை வாங்குகிற ஒருவன் அடித்தான் என்றால், அவன் அடிக்காமலும் விட்டிருக்கலாம். அப்போதுதான் குற்றம் குற்றமாகிறது.

அந்த அம்மா சொன்ன வருடக் கணக்கில் நியாயம் இருக்கிறது. நமக்கே அங்கு ஒரு பாக்கி உண்டு. அந்த ரயில்பாதையில் வேலைசெய்த ஆசியத் தொழிலாளர் 2 லட்சத்துக்கும் அதிகம். இறந்தவர்கள் 90,000 பேர்வரை என்று மதிப்பிடுவார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர் அவர்களில் பெருந்தொகை. ஃபிளனகனின் கதை அவர்களை மையமாகக் கொண்டதல்ல. அது அவருடைய தகப்பனின் கதை. மலேசியாவில் ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ என்று நாவல் எழுதினார். இங்கே எத்தனை பேர் வாசித்திருக்கிறோம்? டன்லொப்பின் சிலைக்குக் கீழே நின்று படம் எடுத்த நம் ஆட்களில், தன் மொழிக்காரர் ஆயிரக்கணக்கில் அதே பாதையில் கிடக்கிறார்கள் என்று அறிந்தவர் சிலர்தான். நானும் அந்த நாவல் வாசிக்கும்வரை அறியாதவன்.

சண்டைக்கு வருகிறேன். நம் கதைகளில் சண்டை ஏன் ஓடிவிடுகிறது என்பதற்கு ஒரு காரணம் நம் மொழிக்குள்ளேயே இருக்கிறது. போட்டிக் கதைகளில் வந்த மாதிரியை நானே செய்து தருகிறேன்: ‘சிவம் பாய்ந்து பிடித்து, இழுத்து விழுத்தி, நெஞ்சில் ஏறியிருந்து, கழுத்தை நெரித்து, முகத்தில் குத்தினான்.’ தமிழின் வினையெச்சம் அருமையான வசதி. எத்தனை வினையையும் கோத்துக்கொண்டு போகலாம். சமையல் குறிப்புக்கு மிகவும் நல்லது: நறுக்கி, தாளித்து, வதக்கி, இறக்கவும். சண்டையிலும் அதையே செய்தால் எல்லா அடியும் ஒரே நிறையாகிவிடும். கீழே விழுந்தவனுக்கு எழும்ப ஒரு கணம்கூட இல்லை. வாக்கியம் முடியும்வரை அவன் காத்திருக்கவேண்டும். முற்றுப்புள்ளி வைத்துப் பாருங்கள். ‘சிவம் அவனுடைய சேட்டைப் பிடித்தான். தெறி ஒன்று அறுந்து விழுந்தது. இரண்டு பேரும் அந்தத் தெறியைப் பார்த்தார்கள்.’ இங்கே இன்னும் ஓர் அடியும் விழவில்லை. ஆனால் இரண்டு பேர் இருக்கிறார்கள், நிறுத்துவதற்கு ஒரு சந்தர்ப்பம் இருக்கிறது, அந்தச் சந்தர்ப்பம் கடந்து போவதை நாம் பார்க்கிறோம். மடார், பளார், சடார் எல்லாம் இதற்குப் பிறகு வரலாம், வராமலும் விடலாம்.

ஊரில் உண்மையான சண்டை பார்த்தவர்களுக்கு இது தெரியும். வேலிச் சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு விரல் அகலக் காணிக்கு, நகர்ந்த ஒரு கதியாலுக்கு, மூன்று தலைமுறை கோபம். சாரத்தைச் சண்டிக்கட்டாகக் கட்டுவதற்கே ஒரு நேரம் எடுக்கும். பிறகு வசை. தகப்பன், பேரன், சீதனம், பழைய களவு எல்லாம் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வரும். இதற்குள் இரண்டு பக்கமும் பிடிப்பதற்கு ஆட்கள் வந்துவிடுவார்கள். பிடிக்க ஆள் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் பாய்ச்சல். “விடுங்கோடா என்னை!” என்று கத்துகிறவன் உண்மையில் கேட்பது விடச் சொல்லி அல்ல. உண்மையான ஆபத்து, பிடிக்க ஆள் வராத நாளில் இருக்கிறது. இந்த ஒரு விடயத்தை வைத்து நல்ல கதை ஒன்று எழுதலாம். யாராவது எழுதியிருந்தால் எனக்கு அனுப்புங்கள்.

கல்கியையும் நினைக்கவேண்டும். ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது. வாளை உருவாத அத்தியாயங்களை எண்ணிவிடலாம். வந்தியத்தேவன் போகிற வழியெல்லாம் சண்டை. அவற்றில் எது ஞாபகம் இருக்கிறது? கடம்பூர் மாளிகையில் விளக்கு அணைந்த அந்த இரவுதான். ஆதித்த கரிகாலன் செத்துக் கிடக்கிறான். யார் குத்தியது என்று நாம் பார்க்கவில்லை. அந்த அறைக்குள் இருந்த ஒவ்வொருவருக்கும் அவனைக் கொல்லவோ காப்பாற்றவோ ஒரு காரணத்தைக் கல்கி முன்னரே கொடுத்துவைத்திருந்தார். நந்தினிக்கு இரண்டும் இருந்தது. அதனால்தான் எழுபது வருடமாகியும் கல்யாண வீடுகளில்கூட இதைப்பற்றி விவாதிக்கிறார்கள். கல்கி மற்ற இடங்களில் வாள்களை மோதவிட்டுப் பொழுதுபோக்கினார் என்றே சொல்வேன். இந்த ஓர் இடத்தில் விளக்கை அணைத்து எழுதினார்.

ஈழத்து யுத்தக் கதைகளில் நேருக்கு நேர் சண்டை குறைவு. இதை நான் குறையாகச் சொல்லவில்லை; யுத்தமே அப்படித்தான் இருந்தது. ஷெல் அடிக்கிறவன் நம் கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் நின்றான். கிபிர் விமானத்தில் இருந்தவனின் முகத்தை எவரும் பார்க்கவில்லை. சனங்களில் பெரும்பாலானோர் தங்களைக் கொன்றவனைக் காணாமலே செத்தார்கள். அப்படியானால் அந்தக் கதையில் சண்டை எங்கே? பங்கரின் வாசலில். ஆறு பேருக்கு வெட்டிய பங்கருக்கு ஒன்பது பேர் ஓடி வருகிறார்கள். யார் முதலில் இறங்குவது, யாருடைய பிள்ளையை மடியில் வைப்பது, நாயைக் கொண்டுவந்தவளுக்கு யார் ஏசுவது, கடைசியில் யாரைப் பார்த்து ‘இடமில்லை’ என்று சொல்லப்பட்டது. அந்தச் சொல்லைச் சொன்னவர் இன்று கனடாவிலோ நம்முடைய தெருவிலோ இருக்கிறார். நான் வாசித்த கதைகளில் பங்கர் நிறைய இருந்தது. அதற்குள் எல்லாரும் நல்லவர்களாக, ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தார்கள். வில்லன் வானத்தில் இருந்தான். வானத்தில் இருக்கிறவனோடு கதை எழுதமுடியாது.

ஷோபாசக்தி பலருக்கு உவப்பானவர் அல்ல. அவருடைய அரசியலோடு எனக்கும் வழக்கு உண்டு. ஆனால் இந்த இடத்தில் அவர் நமக்கெல்லாம் முன்னே போனவர். ‘கொரில்லா’வில் தகப்பன் ஊர்ச் சண்டியன், அந்தப் பட்டப்பெயர் அவனுடையது. மகன் வீட்டைவிட்டு ஓடி இயக்கத்துக்குப் போகிறான், வேறொருவனாக ஆகிவிட. தகப்பனின் பட்டம் அங்கேயும் அவனைத் தேடி வந்துவிடுகிறது. அடிக்கிறவனின் மகனாகப் பிறந்தவன் எந்தப் பக்கம் போனாலும் அடியிலிருந்து தப்பமுடியாத கதை அது. ‘ம்’ இன்னும் கொடியது. 1983 யூலையில் வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் இரண்டு நாட்களில் கொல்லப்பட்டார்கள். அந்தச் சிறையின் ஊடாக வந்தவனைக் கதையின் நடுவில் வைக்கிறார். சித்திரவதைக்கு உள்ளானவன். நம்முடைய இரக்கம் முழுவதையும் அவனிடம் கொடுத்துவிடுகிறோம். புலம்பெயர்ந்த வீட்டில், சொந்த மகளுக்கு, அவன் என்ன ஆனான் என்பது தெரியும்போது கொடுத்த இரக்கத்தைத் திருப்பி வாங்கவும் முடியவில்லை, அங்கே விடவும் முடியவில்லை. அந்த நாவலை நான் முடித்த இரவு புத்தகத்தைக் காரின் பின்பெட்டியில் கொண்டுபோய் வைத்தேன். வீட்டுக்குள் வைக்க மனம் வரவில்லை.

போட்டிக்கு வந்த கதைகளில் ஒன்றைப் பற்றிச் சொல்லவேண்டும். பெயர் சொல்லமாட்டேன், எழுதியவர் சிட்னிப் பக்கத்துப் பெண்மணி என்று முடிவுக்குப் பிறகே தெரிந்தது. கதையில் ஒரு சுற்றிவளைப்பு. ஊரையே பள்ளிக்கூட மைதானத்துக்குக் கொண்டுவந்து வரிசையாக நடக்கவிடுகிறார்கள். எதிரே தலையாட்டி. சாக்கால் தலையை மூடி, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. அவன் ஒருமுறை தலையை ஆட்டினால் அந்தப் பொடியன் வாகனத்தில் ஏறவேண்டும். நிமிர்ந்து பார்க்கப் பயந்த ஒரு பெண் தரையைப் பார்த்துக்கொண்டு போகிறாள். அவளுக்குத் தெரிவது அவனுடைய கால்கள் மட்டும். வலது பெருவிரல் நகம் நடுவால் பிளந்திருக்கிறது. அவளுக்குப் பின்னால் வந்த தம்பிக்குத் தலை ஆடுகிறது.

முப்பது வருடங்களுக்குப் பிறகு வென்ட்வேர்த்வில்லில் ஒரு மளிகைக் கடை. சனிக்கிழமை பின்னேரம், நீண்ட வரிசை, கோடைகாலம், எல்லாரும் செருப்போடு. அவள் குனிந்து பார்க்கிறாள். அந்த நகம். முகம் வயதான, மூக்குக்கண்ணாடி போட்ட, யாரோ ஒரு அண்ணை. அவருடைய கூடையில் மாப் பையும் பேரப்பிள்ளைக்கு வாங்கிய இனிப்பும். இவளுடைய கையில் ஒரு கட்டுக் கறிவேப்பிலை மட்டும். அவர் திரும்பிப் பார்த்துவிட்டு, “ஒரு சாமான்தானே, நீங்கள் முன்னுக்குப் போங்கோ தங்கச்சி” என்கிறார். அவள் முன்னுக்குப் போகிறாள். அவர் பின்னால் நிற்கிறார். அவளுடைய பிடரி அதை உணர்கிறது. காசைக் கொடுக்கும்போது கை நடுங்குகிறது.

38 கதைகளிலும் இதுதான் உக்கிரமான சண்டை. மூத்த நடுவர் இம்முறை சம்பளம் கேட்கவில்லை. அவர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அந்தாளுக்கு இவளைத் தெரிஞ்சிருக்குமோ?” என்று கேட்டார். அதுபற்றி மட்டும் நாங்கள் ஒரு மணித்தியாலம் பிடுங்குப்பட்டோம். தெரிந்திருந்தால் அந்த வார்த்தை பயம். தெரியாவிட்டால் வெறும் மரியாதை. கதையில் இரண்டுக்கும் இடம் இருக்கிறது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. இன்னும் ஒரு பந்தி இருந்தது. அவள் வெளியே வந்து, மழை பெய்து, துரோகம் என்பது எப்படி எல்லா மனிதரிலும் உறங்குகிறது என்று நினைத்துக்கொண்டு, காரில் ஏறி அழுகிறாள். அந்தப் பந்தியால் முதல் பரிசு போய் இரண்டாம் பரிசானது. முடிவு அறிவித்தபின் அவருக்கு நானே மின்னஞ்சல் எழுதினேன்: மழையை எடுத்துவிடுங்கள், காசு கொடுக்கும் இடத்தோடு நிறுத்துங்கள், இதே இதழில் போடச் சொல்லிக் கேட்கிறேன் என்று.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. மழையை எடுத்துவிடுகிறாராம். அழுகையை எடுக்கமாட்டாராம். அது கதையில் வந்த அழுகை அல்ல என்று எழுதியிருந்தார்.